வாயிலிருந்து தொடங்குங்கள்: ஆப்பிரிக்கக் குழைமரங்களின் நற்பொருள்களை அறிய ஒரு வழிகாட்டி

வெள்ளாட்டுக்குக் குழை ஒடித்துப் போட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த விஷயத்தில் பாதி ஏற்கெனவே தெரியும். பின்னங்காலை ஊன்றி எக்கிக் கிளையைப் பிடிக்கும் ஆடு, பத்துப் பதினைந்து வாய் கடித்ததும் சட்டென்று அதை விட்டுவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்விடும். இலையும் தீரவில்லை, பசியும் தீரவில்லை. பிறகு ஏன் போகிறது? தெற்கு, கிழக்கு ஆப்பிரிக்காவின் சவான்னாக்களில் குடு மானையும் இம்பாலாவையும் ஒட்டகச்சிவிங்கியையும் பின்தொடர்ந்தவர்கள் கேட்டதும் இதே கேள்விதான். விடையில் பெரும்பகுதி இலைக்குள் இருக்கிறது. டானின், சபோனின் என்று நாம் பெயர் வைத்திருக்கும் பொருள்கள் அவை. ஓரளவு வரை உடம்புக்கு நல்லது, அதைத் தாண்டினால் தொல்லை.

காட்டில் அந்த அளவைத் தீர்மானிப்பது விலங்கின் வாய். நாம் கிளையை வெட்டித் தொட்டியில் போட்டோமோ இல்லையோ, அளவு நம் கைக்கு வந்துவிடுகிறது. புதிதாக வருகிறவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். வேதிப்பொருள் பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டு வருவார்கள். எந்த ஆடு எப்போது எந்தக் கிளையை விட்டது என்று கேட்டால் தெரியாது. அதனால் இந்தக் கட்டுரை ஆய்வகத்தில் தொடங்கவில்லை. கால்நடை மருத்துவமோ வனவியலோ படிப்பவர்கள், வேலைக்காகப் போட்ஸ்வானா, நமீபியா, கென்யா பக்கம் போகிறவர்கள், ஆடு வளர்ப்பில் ஆர்வத்தோடு படிக்க வந்தவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

முதல் படி: பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள்

சலிப்பான வேலை. ஆனால் இதைச் செய்யாமல் ஒரு கட்டுரையையும் ஒழுங்காகப் படிக்க முடியாது. ஆப்பிரிக்காவின் முள்மரங்களை வெகுகாலம் 'அக்கேசியா' என்றே அழைத்தார்கள். 2005இல் வியன்னாவில் கூடிய தாவரவியல் மாநாடு அந்தப் பெயரை ஆஸ்திரேலிய மரங்களுக்கு ஒதுக்கியது. 2011இல் மெல்போர்ன் மாநாட்டிலும் அந்த முடிவு நிலைத்தது. அதன்பின் ஆப்பிரிக்க மரங்களில் பெரும்பாலானவை வச்செல்லியா, செனகாலியா என்ற இரு பேரினங்களுக்குப் போயின. பழைய கட்டுரையில் 'அக்கேசியா கரூ' என்று படிப்பதும் புதியதில் 'வச்செல்லியா கரூ' என்று படிப்பதும் ஒரே மரம். ஆகவே குறிப்பேட்டில் இரண்டு பெயரையும் எழுதி வையுங்கள், கூடவே அந்த ஊர் மேய்ப்பர் சொல்லும் பெயரையும். ஊர்ப்பெயரை மொழிபெயர்த்து மட்டும் எழுதாதீர்கள். ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் ஒட்டகச்சிவிங்கிக்குப் பெயர் 'கமீல்பேர்ட்'; அதை ஒட்டிய 'கமீல்டோரிங்' என்ற மரப்பெயரை ஆங்கிலத்தில் 'ஒட்டக முள்' ஆக்கிவிட்டார்கள். ஒட்டகத்துக்கும் வச்செல்லியா எரியோலோபா என்ற அந்த மரத்துக்கும் சம்பந்தமே இல்லை.

பயிற்சிக்கு விமானம் ஏற வேண்டியதில்லை. ஆப்பிரிக்கத் தீவன மரங்களில் சில நம் ஊரிலும் இயல்பாக வளர்கின்றன. நம் கருவேலம்தான் வச்செல்லியா நைலோட்டிகா. செனகல் முதல் தென்னாப்பிரிக்கா வரை அதன் உறவு வகைகள் பரவியிருக்கின்றன. ஊரணிக்கரையில் முள்ளோடு நிற்கும் விடத்தலை (சில ஊர்களில் விடத்தேரை) டைக்ரோஸ்டாகிஸ் சினேரியா. பாதி இளஞ்சிவப்பு, பாதி மஞ்சளாகத் தலைகீழாகத் தொங்கும் பூவை ஒருமுறை பார்த்தால் மறக்காது. பல் துலக்கும் மிஸ்வாக் குச்சி தரும் உகாய் மரமும் இரு நிலங்களுக்கும் பொது. நம்முடையது என்றே நாம் எண்ணும் புளியமரத்தின் தாயகமும் ஆப்பிரிக்காதான். ஒரு எச்சரிக்கை: கருவேலம் வேறு, சீமைக்கருவேலம் வேறு. பின்னது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது; இந்தப் பாடத்தில் அதைக் கலக்காதீர்கள். கருவேல நெற்றில் விதைக்கு விதை இடுப்பு ஒடுங்கி மணிமாலைபோல் இருக்கும். சீமைக்கருவேல நெற்றுக்கு அந்த ஒடுக்கம் கிடையாது.

இரண்டாம் படி: ஓர் ஆட்டை இருபது நிமிடம் பாருங்கள்

கைக்கடிகாரம், குறிப்பேடு, பென்சில். வேறெதுவும் வேண்டாம். மந்தையில் ஓர் ஆட்டை மட்டும் தேர்ந்தெடுத்து, எந்த மரத்தில் எத்தனை வாய், கொழுந்தா முற்றிய இலையா நெற்றா, எத்தனையாவது நிமிடத்தில் விட்டது என்று எழுதுங்கள். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை. மழைக்காலத்தில் ஒரு வாரம், வறட்சியில் ஒரு வாரம். மந்தை முழுவதையும் ஒரே நேரத்தில் பார்க்க நினைத்தால் ஒன்றும் மிஞ்சாது. முதல் நாள் நான் அப்படித்தான் ஆறு ஆடுகளைச் சேர்த்துக் கவனித்தேன். மாலையில் குறிப்பேட்டைத் திறந்தால் எது எந்த ஆட்டின் கணக்கு என்று எனக்கே புரியவில்லை.

இந்த எளிய முறை பெரிய கண்டுபிடிப்புகளைத் தந்திருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் நைல்ஸ்ஃப்ளே பகுதியில் சூசன் கூப்பரும் நார்மன் ஓவன்-ஸ்மித்தும் குடு, இம்பாலா, வெள்ளாடு ஆகிய மூன்றும் எதை எப்போது தின்கின்றன என்று கவனித்து, இலைகளைச் சோதனைக்கு அனுப்பினார்கள். 1985இல் வெளியான அவர்களுடைய முடிவு இன்றும் தொடக்கப் பாடமாக இருக்கிறது: இலையின் உலர் எடையில் சுமார் 5 சதவீதத்துக்கு மேல் செறிவுற்ற டானின் (டானினில் ஒரு வகை, பின்னால் வருகிறது) இருந்தால் மழைக்காலத்தில் மூன்றுமே அந்த மரத்தைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடுகின்றன. புரதம் எவ்வளவு, நார் எவ்வளவு என்பதைவிட அந்த ஒரு பொருள் தெளிவாகக் கோடு கிழித்தது.

களத்தில் நிற்கும்போது இன்னொன்றும் கண்ணில் படும். முள் அதிகம் உள்ள மரங்களை விலங்குகள் விரும்பித் தின்னும், ஆனால் மெதுவாக. முள்ளுக்கிடையில் நாக்கை விட்டு ஒவ்வொரு இலையாகப் பறிப்பதால் வாய்க்கு வாய் கிடைப்பது குறைவு. முள் இல்லாமல் அகன்ற இலையோடு நிற்கும் பல மரங்கள், யாரும் கிட்டே வராததுபோல் தழைத்து நிற்கும். தற்காப்புக்கு அவை வேதிப்பொருளை நம்புகின்றன. இதற்கு விதிவிலக்குகள் உண்டு, ஆனால் முதல் ஊகத்துக்குப் போதும்.

பருவத்தையும் சேர்த்துப் படியுங்கள். ஃபெயிடெர்பியா அல்பிடா என்ற மரம் ஊரோடு ஒத்து வாழாதது: மழைக்காலத்தில் இலையை உதிர்த்துவிட்டு, எல்லா மரமும் மொட்டையாக நிற்கும் வறட்சியில் பச்சையாக நிற்கும். சஹாரா பாலைவனத்துக்குத் தெற்கே உள்ள சாஹேல் பகுதி விவசாயிகள் தினை வயலின் நடுவில் அதை விட்டுவைப்பது இதனால்தான். பயிர்க்காலத்தில் நிழல் அடிக்காது, கோடையில் நெற்று கொடுக்கும். ஜிம்பாப்வேயின் மானா பூல்ஸில் யானைகள் பின்னங்காலில் எழுந்து நின்று பறிப்பது இந்த மரத்தைத்தான். மோபேன் மரத்தில் வேறு கதை. பச்சை இலையை அதிகம் தொடாத கால்நடைகள்கூட, அது காய்ந்து தரையில் விழுந்த பின் பொறுக்கித் தின்னும். உங்கள் குறிப்பேட்டில் 'மோபேன் தின்றது' என்று மட்டும் எழுதியிருந்தால் இந்த வேறுபாடு தொலைந்துபோகும்.

மூன்றாம் படி: துவர்ப்பு என்ன செய்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

கடுக்காயைக் கடித்தாலோ பழுக்காத நாவற்பழத்தைத் தின்றாலோ வாய் வறண்டு நாக்கு இழுக்கிறதே, அதுதான் டானின். அது சுவையைவிட ஒருவகைத் தொடு உணர்வு. டானின் உமிழ்நீரின் புரதங்களைப் பிடித்துக் கட்டிவிடுவதால் வழவழப்பு போய்விடுகிறது. புரதத்தைக் கட்டும் இந்தக் குணத்தால்தான் தோல் பதனிடுவதும் நடக்கிறது. சூடானில் 'சுந்த்' என்று அழைக்கப்படும் கருவேலத்தின் 'கரத்' என்ற நெற்று, தோல் பதனிடுவதற்கு நெடுங்காலப் புகழ் பெற்றது. குழை தின்னும் மான்களின் உமிழ்நீரில் டானினைப் பிடித்து முடக்கும் தனிப் புரதங்கள் இருக்கின்றன. புல் மேயும் மாடுகளுக்கு அந்தக் கவசம் குறைவு.

நன்மை எங்கே வருகிறது? அசைபோடும் விலங்கின் முதல் வயிற்றில் நுண்ணுயிர்கள் தீவனப் புரதத்தைச் சிதைத்து அமோனியாவாக்கிப் பெரும்பகுதியை வீணடிக்கின்றன. அங்கே அமிலத்தன்மை குறைவு. அந்தச் சூழலில் டானின் புரதத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், நுண்ணுயிர்களால் தொட முடியாது. நான்காம் வயிற்றுக்குப் போனதும் அமிலம் கடுமையாகும், பிடி தளரும், புரதம் விடுபட்டுச் சிறுகுடலில் உடம்பில் சேரும். கூடவே முதல் வயிற்றில் நுரை கட்டுவது குறைவதால் உப்புசம் தவிர்க்கப்படுகிறது. மீத்தேன் உருவாவதும் குறையலாம். இந்த நன்மைகளுக்கு நூல்களில் வழக்கமாகச் சொல்லப்படும் எல்லை ஒரு கிலோ உலர் தீவனத்துக்கு 20 முதல் 40 கிராம் செறிவுற்ற டானின். 50 கிராமைத் தாண்டினால் தீனி எடுப்பது குறையும், செரிமானம் கெடும். நைல்ஸ்ஃப்ளேயின் 5 சதவீதமும் இந்த 50 கிராமும் ஒரே கோட்டில் நிற்பதைக் கவனியுங்கள். ஆடுகளின் வாய் அந்தக் கணக்கை ஆய்வகத்துக்கு முன்பே போட்டிருக்கிறது.

டானினில் இரண்டு குடும்பங்கள். செறிவுற்ற டானின் எளிதில் உடையாது. பெரும்பாலும் குடலோடு வந்து பிழுக்கையோடு போய்விடும். நீரால் உடையும் டானின், வயிற்றில் உடைந்து சிறு மூலக்கூறுகளாக இரத்தத்துக்குள் போகக்கூடியது. அளவு மிகுந்தால் ஈரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும். கருவேல நெற்றில் இரண்டாம் குடும்பம் கணிசமாக உண்டு, கடுக்காயிலும் அப்படியே. 'டானின் நல்லது' என்று ஒரே வாக்கியத்தில் முடிக்கும் எந்தக் குறிப்பையும் நம்பாதீர்கள். எந்த டானின் என்று கேளுங்கள்.

மேய்ப்பர்களுக்கு நேரடியாகப் பயன்படுவது குடற்புழு விஷயம். ஹீமோன்கஸ் கன்டார்டஸ் என்ற புழு ஆட்டின் நான்காம் வயிற்றில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும், ஒரு புழு ஒரு நாளில் சுமார் 0.05 மில்லிலிட்டர். ஆயிரம் புழு இருந்தால் தினமும் 50 மில்லிலிட்டர் போய்விடும். தாடை வீங்கி, கண் வெளுத்து, ஒரு காலையில் ஆடு படுத்துவிடும். டானின் உள்ள குழை இதில் இரண்டு வழியில் உதவுகிறது. புழுவின் முட்டையும் இளம்புழுவும் வளர்வதைத் தடுப்பது ஒன்று. அதிகப் புரதம் கிடைப்பதால் ஆட்டின் எதிர்ப்புச் சக்தி கூடுவது மற்றொன்று. தென்னாப்பிரிக்காவின் ஃபோர்ட் ஹேர் பல்கலைக்கழகத்தில் வச்செல்லியா கரூ இலையை ஆடுகளுக்கும் நகூனி மாடுகளுக்கும் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் புழுச்சுமை குறைந்தது. அமெரிக்காவில் ஹுவான் வில்லால்பா குழுவினர் செய்த சோதனைகளில், புழுத்தொல்லை உள்ள செம்மறிகள் மற்றவற்றைவிட டானின் தீவனத்தைக் கூடுதலாகத் தேர்ந்தெடுத்தன. மேய்ச்சலுக்கு அவிழ்த்துவிட்ட ஆடு தனக்கு வேண்டியதைத் தேடிக்கொள்ளும் என்று நம் கிடைக்காரர்கள் சொல்வதில் விஷயம் இருக்கிறது. தேடுவதற்கு வகைவகையான மரங்களும் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சபோனினைப் பற்றிச் சுருக்கமாக. நம் பூந்திக்கொட்டையிலும் சீயக்காயிலும் நுரை தருவது இதுதான். ஒட்டகமும் வெள்ளாடும் விரும்பும் பாலனைட்டிஸ் எகிப்தியாக்கா மரத்தில் இது நிறைய உண்டு. நம் வறண்ட காடுகளில் இருக்கும் நஞ்சுண்டான் அதன் நெருங்கிய உறவு. சூடானில் ஆர்ச்சிபால்ட் என்பவர் 1933இல், அந்த மரத்தின் பழம் பில்ஹார்சியா நோயைப் பரப்பும் நத்தைகளைக் கொல்வதை எழுதினார். பழத்தை மக்கள் தின்கிறார்கள், அதே பழம் நீரில் கலந்தால் நத்தையும் மீனும் சாகின்றன. மசாய் மக்கள் இறைச்சிச் சாறில் கருவேலப் பட்டையையும் அல்பிசியா அந்தெல்மின்டிகா பட்டையையும் போட்டுக் கொதிக்க வைப்பார்கள். கொழுப்பு மிகுந்த அந்த உணவோடு சபோனின் என்ன செய்கிறது என்று திமோத்தி ஜான்ஸ் ஆராய்ந்திருக்கிறார். அல்பிசியாவின் இரண்டாம் பெயருக்கே 'புழுக்கொல்லி' என்றுதான் பொருள். கிழக்கு ஆப்பிரிக்க மேய்ப்பர்கள் அதன் பட்டையைக் கால்நடைக்குப் புழு மருந்தாகத் தருகிறார்கள். சோதனை முடிவுகள் எல்லாம் ஒரே மாதிரி வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தான்சானியாவின் மஹாலே மலையில் 1987இல் மைக்கேல் ஹஃப்மனும் உள்ளூர் வழிகாட்டி மொஹமெதி செய்ஃபு கலுண்டேவும், நோயுற்ற பெண் சிம்பன்சி ஒன்று வெர்னோனியா அமிக்டலினா என்ற கசப்புச் செடியின் தண்டை உரித்துச் சாற்றை மட்டும் உறிஞ்சுவதைப் பார்த்தார்கள். அந்தச் செடியை மருந்தென்று அறிந்திருந்தவர் கலுண்டே. உங்களுக்கும் அப்படி ஒரு மேய்ப்பர் கிடைத்தால், அவர் பேசும்போது குறுக்கே பேசாதீர்கள்.

நான்காம் படி: இலை சேகரிப்பு

இங்கே கவனம் சிதறினால் பின்னால் செய்யும் எல்லாச் சோதனையும் வீண்.

அனுமதி முதலில். தென்னாப்பிரிக்காவில் எரியோலோபா, மாருலா, போஸ்கியா அல்பிட்ரங்கா, பாவோபாப் ஆகியவை சட்டப் பாதுகாப்புப் பெற்ற மரங்கள். உரிமம் இல்லாமல் வெட்டவோ சேதப்படுத்தவோ கூடாது. 2014 முதல் நடைமுறையில் உள்ள நகோயா உடன்படிக்கையும் இருக்கிறது. ஒரு நாட்டின் தாவரத்தையும் அதைப் பற்றிய மக்கள் அறிவையும் ஆய்வுக்குப் பயன்படுத்துவோர் முன் அனுமதி பெற்று, பலனையும் பகிர வேண்டும் என்பது அதன் சாரம். ஒரு பொட்டலம் காய்ந்த இலைதானே என்று பெட்டியில் போட்டுக்கொண்டு விமான நிலையத்துக்குப் போகாதீர்கள்.

பிறகு எடுக்கும் முறை. ஆடு எக்கினால் எட்டும் உயரத்திலிருந்து எடுங்கள்; உச்சி இலையும் அடி இலையும் ஒன்றல்ல. ஓர் இனத்துக்குக் குறைந்தது ஐந்து மரம், ஒரே வேளையில். கொழுந்தைத் தனியே, முற்றிய இலையைத் தனியே. சமீபத்தில் கடிபட்ட மரமா என்று குறியுங்கள். காகிதப் பையில் போட்டு, கட்டாமல், நிழலில் காற்றோட்டமாக உலர்த்துங்கள். அடுப்பில் உலர்த்தினால் 50 முதல் 55 டிகிரி செல்சியஸ் வரைதான்; அதற்கு மேல் சூடேறினால் டானின் இலையின் புரதத்தோடும் நாரோடும் ஒட்டிக்கொண்டு கரைசலில் இறங்காது, சோதனையில் குறைவாகக் காட்டும். பிளாஸ்டிக் பை வேண்டவே வேண்டாம். ஒரு மதியம் வண்டிக்குள் பிளாஸ்டிக் பையில் விட்டுவைத்த விடத்தலை இலை எனக்குப் பழுப்புக் கூழாகத்தான் திரும்பிக் கிடைத்தது.

ஐந்தாம் படி: சமையலறைச் சோதனையும் ஆய்வகச் சோதனையும்

முன்பெல்லாம் நம் ஊரில் கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்த்து எழுதும் மை செய்தார்கள். அதே வேதியியல்தான் முதல் சோதனை. உலர்ந்த இலைத்தூள் 1 கிராமை 20 மில்லி கொதிநீரில் கால் மணி நேரம் ஊறவைத்து வடிகட்டுங்கள். ஆறியதும் அன்னபேதிக் கரைசலோ ஃபெரிக் குளோரைடு கரைசலோ சில சொட்டு விடுங்கள். பச்சை கலந்த கறுப்பு செறிவுற்ற டானினைக் காட்டும், நீலக் கறுப்பு நீரால் உடையும் டானினை. இரண்டும் கலந்த இலையில் நிறமும் கலங்கலாக வரும். அப்போது அடித்துச் சொல்லாதீர்கள். பக்கத்தில் ஒரு குவளையில் கடுக்காய்த் தூளை வைத்து ஒப்பிட்டால் கண் பழகும்.

சபோனினுக்கு நுரைச் சோதனை. அதே மாதிரி வடிநீரை மூடியுள்ள குழாயில் ஊற்றி அரை நிமிடம் குலுக்கி வையுங்கள். பத்து நிமிடம் கழித்தும் ஒரு சென்டிமீட்டர் நுரை நின்றால் குறித்துக்கொள்ளுங்கள். ஒப்பீட்டுக்குப் பூந்திக்கொட்டை. சில இலைகள் விடுவிக்கும் சயனைடு நஞ்சைக் கண்டறியும் பிக்ரேட் தாள் சோதனையை வீட்டில் செய்யாதீர்கள். காய்ந்த பிக்ரிக் அமிலம் வெடிக்கும். அடையாளம் தெரியாத இலையை நாக்கில் வைத்துப் பார்க்கவும் கூடாது, எவ்வளவு அனுபவசாலி உங்களுக்குச் செய்துகாட்டினாலும்.

ஆய்வகம் கிடைத்தால், செறிவுற்ற டானினுக்குப் பியூட்டனால்-ஹைட்ரோகுளோரிக் அமில முறை பரவலானது. இலைத்தூளை 70 சதவீத அசிட்டோனில் கரைத்து, அமிலக் கலவையும் சிறிது இரும்பு வினைப்பொருளும் சேர்த்து ஒரு மணி நேரம் கொதிநீர்ச் சூட்டில் வைத்தால் சிவப்பு எழும். அதை 550 நானோமீட்டரில் அளப்பார்கள். இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. ஓர் ஆய்வகம் லூக்கோசயனிடின் அளவில் எழுதும், இன்னொன்று கெப்ராச்சோ மரத்தின் டானினைத் தரமாக வைத்து எழுதும். இரு கட்டுரைகளின் எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 'இந்த மரம் அதைவிட இருமடங்கு' என்று எழுதுவதுதான் மாணவர்களின் ஆய்வேடுகளில் நான் அதிகம் காணும் பிழை.

அதனால் எண்ணைவிட விளைவை அளக்கும் சோதனை எனக்குப் பிடிக்கும். ஹரிந்தர் மக்கர் போன்றவர்கள் பரப்பிய முறை அது. இலைத்தூளை ஆட்டின் வயிற்று நீரோடு கண்ணாடிக் குழலில் நொதிக்கவிட்டு எவ்வளவு வாயு வருகிறது என்று பார்ப்பார்கள். இன்னொரு குழலில் பாலிஎத்திலீன் கிளைக்கால் சேர்ப்பார்கள்; அது டானினைப் பிடித்து முடக்கிவிடும். இரண்டுக்கும் வாயு அளவில் பெரிய வேறுபாடு வந்தால் அந்த இலையின் டானின் உண்மையிலேயே செரிமானத்தைக் கட்டுப்படுத்துகிறது. வேறுபாடு இல்லையென்றால், காகிதத்தில் எத்தனை சதவீதம் இருந்தாலும் ஆட்டுக்கு அது பெரிய பொருட்டல்ல.

ஆறாம் படி: தீவனமாகக் கொடுப்பது

இதற்கு முன் ஒரு சம்பவத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். 1980களில் தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வால் பகுதியில், வேலியிட்ட வேட்டைப் பண்ணைகளில் குடு மான்கள் கூட்டம் கூட்டமாக மடிந்தன. வறண்ட குளிர்காலம், வயிறு நிறைய இலை இருந்தும் செரிக்காமல் இறந்தன. பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தின் வௌட்டர் ஃபான் ஹோவன், அந்த முள்மரங்கள் கடிபட்டதும் டானினைக் கூட்டிக்கொள்வதாகவும், மான்கள் நெருக்கமாக இருந்த பண்ணைகளில் இறப்பு அதிகம் என்றும் சொன்னார். கடிபட்ட மரம் எத்திலீன் வாயு விட்டுப் பக்கத்து மரத்தை எச்சரிக்கிறது என்ற அவருடைய கருத்தை எல்லோரும் ஏற்கவில்லை. அதை ஒதுக்கிவிட்டாலும் வேலி என்ற காரணம் மிஞ்சுகிறது. அடுத்த மரத்துக்குப் போக வழியில்லாததால் மான்கள் அதே மரத்தையே தின்றன.

உங்கள் தொட்டியும் ஒரு வேலிதான். ஆகவே: ஒரே இன இலையை மட்டும் போடாதீர்கள், குறைந்தது இரண்டு மூன்று இனம் கலந்து போடுங்கள். முதல் வாரம் மொத்தத் தீனியில் பத்தில் ஒரு பங்கு. பத்து முதல் பதினான்கு நாள் எடுத்துக்கொண்டு கால் பங்கு வரை ஏற்றலாம். டானின் மிகுந்த இனமானால் அங்கேயே நிறுத்துங்கள். பட்டினி கிடந்த ஆட்டுக்கு முதல் தீனியாக இதைக் கொடுக்கக் கூடாது, பசியில் அதன் வாய் கணக்குப் பார்க்காது. தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். தொட்டியில் மிச்சம் விடுகிறதா என்று தினமும் பாருங்கள். விட்டால் அது ஒரு செய்தி. கட்டாயப்படுத்த வெல்லப்பாகு ஊற்றிக் கலக்குவது சிலருக்கு வழக்கம், நான் அதை ஆதரிப்பதில்லை. ஆட்டின் 'போதும்' என்ற சொல்லை இனிப்பால் மூடுவதாக ஆகிவிடும்.

நமீபியாவில் கோடிக்கணக்கான ஏக்கர் புல்வெளியை முட்புதர் மூடிவிட்டது. அங்கே செனகாலியா மெல்லிஃபெரா, விடத்தலை போன்றவற்றை வெட்டி, விரல் தடிமனுக்கு மேற்படாத கிளைகளை இலையோடு அரைத்து 'பொஸ்கோஸ்' என்ற புதர்த் தீவனம் செய்கிறார்கள். கட்டை தடிக்கத் தடிக்க மரத்தூள்தான் சேரும். அந்தத் தீவனம் உயிரைக் காப்பாற்றும் வறட்சித் தீனி. தனியாக அதை மட்டும் போட்டுச் சதை பிடிக்க வைக்க முடியாது. புரதம், உப்பு, தாது எல்லாம் வெளியிலிருந்து சேர்த்தாக வேண்டும்.

தொடவே கூடாதவை சில. டைக்காபெட்டாலம் சைமோசம், ஆப்பிரிக்கான்ஸில் 'கிஃப்பிளார்', விஷ இலை. உடம்பெல்லாம் மண்ணுக்குள், இலை மட்டும் வெளியே. வசந்தத்தில் மற்றவை துளிர்க்கும் முன் பச்சையாக எட்டிப் பார்த்து மாட்டை அழைக்கும். அதிலிருக்கும் ஃபுளோரோஅசிட்டேட்டை தென்னாப்பிரிக்காவின் ஒண்டர்ஸ்டெபூர்ட் கால்நடை ஆய்வு நிலையத்தில் மரைஸ் 1944இல் அடையாளம் கண்டார். இதற்கு மாற்று மருந்து இல்லை. வச்செல்லியா சீபெரியானாவிலும் எரியோலோபாவிலும் சயனைடு விடுவிக்கும் பொருள் உண்டு. எரியோலோபா நெற்றை ஊரே தீவனமாகப் பயன்படுத்துகிறது என்பதும் உண்மை. ஆனால் பசித்த மந்தையை ஒரேயடியாக அதன்மேல் விடக் கூடாது. மூச்சு வாங்கி, ஈறும் கண்ணும் செக்கச் செவேலென்று சிவந்து, தள்ளாடினால் மருத்துவரை அழைப்பதைத் தவிர வேறு வேலை செய்யாதீர்கள்.

ஏழாம் படி: பலன் இருந்ததா?

மந்தையை இரண்டாகப் பிரியுங்கள், ஒன்றுக்குக் குழை, மற்றதற்கு வழக்கமான தீனி. ஒப்பிட ஆளில்லாமல் 'புழு குறைந்தது' என்று சொன்னால், வெயில் காய்ந்ததால் குறைந்ததா குழையால் குறைந்ததா என்று யாருக்கும் தெரியாது. தொடங்கும் அன்றும் ஒவ்வொரு பதினைந்து நாளுக்கும் புதுப் பிழுக்கை எடுத்து முட்டை எண்ணிக்கை பாருங்கள். கால்நடை ஆய்வகங்களில் மெக்மாஸ்டர் வில்லையில் எண்ணித் தருவார்கள். முட்டை மட்டும் குறைந்து புழு அப்படியே இருக்கவும் கூடும், எனவே எடையையும் குறியுங்கள்.

இதோடு கண் பார்க்கப் பழகுங்கள். தென்னாப்பிரிக்காவில் உருவான ஃபமாச்சா அட்டையில் கீழ் இமையின் உட்புற நிறம் ஐந்து படிகளாக இருக்கும்: 1 நல்ல சிவப்பு, 5 காகித வெளுப்பு. ஃபாஃபா மலான் என்ற கால்நடை மருத்துவரின் பெயரிலிருந்து வந்த சொல் அது. வெள்ளாட்டில் 3 வந்தாலே கவலைப்பட வேண்டும். 4, 5 என்றால் குழையை நம்பிக் காத்திராமல் அன்றே புழு மருந்து கொடுங்கள். இது இரத்தம் குடிக்கும் புழுவுக்கு மட்டுமான அளவு, மற்றப் புழுக்களை இது காட்டாது. வெயில் வெளிச்சத்தில் பாருங்கள், கொட்டகைக்குள் வேண்டாம். கைப்பேசித் திரையில் அட்டைப் படத்தை வைத்து ஒப்பிட வேண்டாம், திரைக்குத் திரை சிவப்பு மாறும். அச்சடித்த அட்டையையும் பார்த்து முடித்ததும் உறையில் போட்டு இருட்டில் வையுங்கள். வெயில் பட்டால் நிறம் மங்கும். அதனால் ஆண்டுக்கு ஒருமுறை புதிது வாங்கிக்கொள்ளுங்கள்.